மிரண்ட மாடுகளின் ஆறு வருஷம்

டார்லீன் பாஸ்பிசிலுக்குக் கால்பந்து பிடிக்காது. கடைசி வரை பிடிக்கவில்லை. ஆனாலும் வில்லோ பெண்ட் ஊரின் ஸ்டாம்பீட் அணி உயிரோடு இருந்த ஆறு வருஷமும் அதை வெளியூருக்குக் கூட்டிப் போய்த் திரும்பக் கூட்டி வந்தவள் அவள்தான். கோச் இரண்டு பேர் மாறினார்கள். ஆட்டக்காரர்கள் நூற்றுச் சொச்சம் பேர் வந்து போனார்கள். ஓட்டுநர் இருக்கையில் மட்டும் ஆள் மாறவில்லை.

அணியைத் தொடங்கியவன் ராண்டி ஃபென்ஸ்கி. ஊரின் கிழக்கு முனையில் சோபா, மெத்தை, வெந்நீர்த் தொட்டி விற்கும் பெரிய கடை அவனுடையது. பள்ளிக்கூடத்தில் டார்லீனுக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவன். 2004-ஆம் வருஷம் ஏதோ வியாபார மாநாட்டுக்கு டென்வர் போன இடத்தில் உள்ளரங்கக் கால்பந்து பார்த்துவிட்டு வந்தான். நம் ஊருக்கும் ஓர் அணி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். வெளி மைதானத்தில் ஆடும் அதே அமெரிக்கக் கால்பந்துதான். கையால் எறியும் கூம்புப் பந்து, தலைக்கவசம், தோள்கவசம், மோதல் எல்லாம் உண்டு. ஆனால் மைதானம் பாதி நீளம்தான். பக்கத்துக்குப் பதினொரு பேருக்குப் பதில் எட்டுப் பேர். எல்லைக்கோடு இருக்க வேண்டிய இடத்தில் இடுப்புயரத்துக்குப் பஞ்சு வைத்த சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் முதல் வரிசைக்காரர்களின் மடி. பந்து கூட்டத்துக்குள் விழுந்தால் பிடித்தவருக்கே சொந்தம். ஆளே விழுந்தால் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று அறிவிப்பாளர் ஒவ்வொரு ஆட்டத்திலும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் ஜனம் சிரிக்கும்.

ஸ்டாம்பீட் என்றால் மிரண்டு ஓடும் மாட்டுக்கூட்டம். ஊரில் பாதிப் பேருக்கு மாட்டிறைச்சி ஆலையில்தான் வேலை என்பதால் பெயர் எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. அந்த மாடுகள் எங்கே போய்ச் சேரும் என்று யாரும் யோசிக்கவில்லை.

ஆட்டம் நடந்தது காளைச் சவாரிப் போட்டிகள் நடக்கும் மாவட்ட அரங்கத்தில். மண் தரையின் மேல் பலகை அடித்து, அதன் மேல் செயற்கைப் புல் விரித்தார்கள். ஓக்லஹோமாவில் படுத்துவிட்ட வேறோர் அணியின் புல் அது. கோல் பகுதியில் எழுதியிருந்த பழைய அணியின் பெயர்மேல் பச்சைச் சாயம் அடித்தார்கள். ஜூன் மாதத்துக்குள் சாயம் தேய்ந்து, வேறு யாருடைய பெயரோ எட்டிப் பார்க்கத் தொடங்கும். ஓடினால் பலகைச் சந்துகளிலிருந்து குதிரை லாயத்துத் தூசி கிளம்பும். வெளியூர் ஆட்டக்காரர்கள் தும்முவார்கள். இவர்களுக்குப் பழகிவிட்டது.

டார்லீன் வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். சனி ஞாயிறுகளில், ஒமாஹாவில் தலைமையகம் வைத்திருந்த ஒரு பேருந்துக் கம்பெனிக்கு அழைப்பின்பேரில் ஓட்டினாள். விவாகரத்தாகி ஒன்பது வருஷம். மகள் அரிசோனாவில். முதல் வெளியூர் ஆட்டத்துக்கு வரவேண்டிய ஓட்டுநருக்குப் பல்வலி என்று இவளைக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு ராண்டி வேறு யாரையும் கேட்கவில்லை.

ஆட்டம் நடக்கும்போது அவள் பேருந்திலேயே இருப்பாள். குறுக்கெழுத்துப் போடுவாள், வானொலியில் மாட்டுச் சந்தை நிலவரம் கேட்பாள். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டதே இல்லை. படியேறும் சத்தமே சொல்லிவிடும். ஜெயித்தால் இரண்டிரண்டு படியாக ஏறுவார்கள். தோற்றால் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைப்பார்கள். முதல் வருஷம் ஏழு வெளியூர் ஆட்டத்தில் ஆறில் இரண்டு காலையும் வைத்தார்கள்.

இரண்டாம் வருஷம் மிசிசிப்பியிலிருந்து லமான்ட் டிஸ்டேல் வந்து சேர்ந்தான். குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிபவன், அணியின் மூளை. இருபத்து நான்கு வயது. கனடாவில் இரண்டு பெரிய அணிகள் அவனைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தன. பகலில் டயர் கடையில் வேலை, மாலையில் பயிற்சி. பேருந்தில் அவனுக்கென்று டார்லீனுக்கு நேர் பின்னால் ஓர் இருக்கை. தெற்கத்திப் பிள்ளை, வயதில் மூத்தவளை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட வாய் வராது.

"மிஸ் டார்லீன், இந்த ஊர்ல மரமே கிடையாதா?"

"இருந்துச்சு. காத்து தூக்கிட்டுப் போயிடுச்சு."

"நிஜமாவா?"

"சும்மா சொன்னேன்பா. தூங்கு."

மூன்றாம் வருஷம் ஊரே தலைகீழானது. பன்னிரண்டு வெற்றி, இரண்டே தோல்வி. சொந்த ஊரில் இறுதி ஆட்டம். நாலாயிரத்து நூறு பேர் வந்தார்கள். ஊரின் மொத்த ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். கடைசி உதையை அடித்தவன் கர்ட் வெஸ்டர்காம்ப், உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று. பள்ளி திறந்த அன்று பிள்ளைகள் வகுப்பில் கரும்பலகை நிறையக் கம்பமும் பந்துமாக வரைந்து வைத்திருந்தார்களாம். கர்ட் அதை அழிக்காமல், பந்து போன கோணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பாடம் நடத்தினான்.

நாலாம் வருஷத்திலிருந்து இறக்கம். லீக்கில் இருந்த பத்து அணிகளில் மூன்று பருவத்தின் நடுவிலேயே காணாமல் போயின. இடத்தை நிரப்ப லீக் ஆபீஸ் எங்கிருந்தோ ஆள் பிடித்து அனுப்பும். ஒரு தடவை ஒன்பது பேர் மட்டும் வந்து இறங்கினார்கள். மூன்று பேரின் காலில் இரவல் வாங்கியது போல அளவு தப்பிய காலணிகள். மூன்றாம் கால்பகுதி முடிவதற்குள் ஸ்டாம்பீட் தொண்ணூற்றெட்டு, வந்தவர்கள் ஆறு. கூட்டம் "நூறு, நூறு" என்று கத்தியது. லமான்ட் பந்தை வாங்கிய இடத்திலேயே முழங்கால் போட்டு உட்கார்ந்தான். அப்படி உட்கார்ந்தால் அந்த முயற்சி அத்தோடு முடிந்தது என்று விதி. அடுத்த தடவையும் உட்கார்ந்தான். அதற்கடுத்த தடவையும். சொந்த ஊர்க் கூட்டமே அவனைப் பார்த்துக் கூச்சல் போட்டது. கோச் ஹால்வர்சன் சுவரோரம் நின்று தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். லமான்ட் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டம் தொண்ணூற்றெட்டிலேயே முடிந்தது.

இதை டார்லீன் பார்க்கவில்லை. செமிசி சொல்லிக் கேட்டதுதான். செமிசி ஃபொனுவா தோங்கா தீவுக்காரன், நூற்றைம்பது கிலோ. இறைச்சி ஆலையில் வேலை. முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அணியில் இருந்த ஒரே ஆட்டக்காரன் அவன்தான். முன்வரிசைத் தடுப்பு வீரன். எதிரிகள் லமான்டைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. பந்தைத் தொடும் வேலை அவனுக்குக் கிடையாது. விதியும் விடாது.

ஐந்தாம் வருஷம் ஆலையில் இரண்டாம் ஷிஃப்டை மூடினார்கள். நாலாயிரம் பேர் வந்த அரங்கத்துக்குத் தொள்ளாயிரம் பேர் வந்தார்கள். ஆறாம் வருஷம், 2010-இல், லீக்கில் மிஞ்சியவை ஐந்தே அணிகள். ஒரே அணியோடு நாலு தடவை ஆட வேண்டியிருந்தது. எதிரணிக்காரனின் பிள்ளைகள் பெயரெல்லாம் இவர்களுக்கு மனப்பாடம்.

அந்த வருஷம் ஜூன் பன்னிரண்டு, சனிக்கிழமை காலை. மறுநாள் மதியம் கான்சஸ் மாநிலத்தில் மார்லோ சிட்டியில் ஆட்டம். ஐந்து மணி நேரப் பயணம். டார்லீன் பேருந்தின் வயிற்றைத் திறந்து பைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ராண்டியின் வண்டி வந்து நின்றது. கையில் டோனட் பெட்டி. ஆறு வருஷத்தில் அவன் டோனட் கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை.

"டார்லீன், இப்படிக் கொஞ்சம் வா."

அரங்கத்தின் பின்சுவர் வரை அவளைக் கூட்டிப் போனான்.

"இதோட முடிஞ்சுது. அணிய மூடறேன். நேத்து சாயங்காலமே லீக் ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்துட்டேன்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு, என் பொண்டாட்டிக்கு, இப்ப உனக்கு."

"கோச்சுக்கு?"

"அவருகிட்ட சொன்னா மூஞ்சியிலயே எழுதி ஒட்டிக்குவாரு. நாளைக்கு ஆட்டம் முடியட்டும், நானே ஃபோன் பண்ணிச் சொல்றேன். பசங்க கடைசியா ஒரு ஆட்டம் நிம்மதியா ஆடட்டுமே."

"அப்ப என்கிட்ட ஏன் சொல்ற?"

ராண்டி டோனட் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "பஸ்ஸு ஒப்பந்தமும் நாளையோட முடியுது. ஆட்டம் முடிஞ்சதும் நீ வண்டிய நேரா ஒமாஹாவுக்குக் கொண்டு போய் விட்டுடணுமாம். பசங்க திரும்பி வர ரெண்டு வேன் சொல்லி வச்சிருக்கேன். மார்லோ சிட்டியிலயே."

"சொல்லி வச்சிருக்கியா, சொல்லணும்னு நினைச்சிருக்கியா?"

"சொல்லியாச்சு, சொல்லியாச்சு. நீ மட்டும் வாயத் திறந்துடாத."

அவள் பைகளை அடுக்கத் திரும்பிப் போனாள். ராண்டி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். டோனட்டைக் கோச்சிடம் கொடுத்து, எல்லோரிடமும் கை குலுக்கினான். செமிசியை மட்டும் கட்டிப் பிடித்தான். கைகள் முதுகைச் சுற்றிப் பாதிதான் எட்டின.

பதினாறு ஆட்டக்காரர்களும் கோச்சும் ஏறினார்கள். வழி நெடுக மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் நின்றது. பின்னால் சீட்டாட்டமும் கூச்சலும். லமான்ட் வழக்கம்போல அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தான். ஜூலை மாதம் அவன் மனைவி ரெனீட்டாவும் மகளும் மிசிசிப்பியிலிருந்து வருகிறார்கள். எட்டாவது தெருவில் ஒரு வீடு பார்த்திருக்கிறான். மாடியில் இரண்டு அறை, கீழே துணி துவைக்கும் இயந்திரம். திங்கட்கிழமை கையெழுத்து.

"ஒரு வருஷத்துக்கு எழுதணுமாம், மிஸ் டார்லீன். ஒரு வருஷம்னா அடுத்த பருவமும் வந்துடும்ல. சரியா இருக்கும்."

கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. டார்லீன் சாலையைப் பார்த்தாள்.

"என்ன, பேசவே மாட்டேங்கறீங்க?"

"பக்கக் காத்து அடிக்குதுப்பா. வண்டி இழுக்குது."

அன்று காற்றே இல்லை.

மார்லோ சிட்டியில் நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில் இறங்கினார்கள். மாலை ஐந்து மணிக்கு டார்லீன் தன் அறையில் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டினாள். ஊரில் வேன் வாடகைக்கு விடும் இடங்கள் மூன்று. மூன்றையும் கூப்பிட்டாள். ஃபென்ஸ்கி என்ற பெயரில் யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. வில்லோ பெண்ட் என்ற ஊரை இரண்டு பேர் கேள்விப்பட்டதே இல்லை. ராண்டியைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. ராண்டி பொய்யன் இல்லை. செய்ய நினைத்ததைச் செய்துவிட்டதாக நம்பிவிடும் ஜாதி. அணியைத் தொடங்கியதே அப்படித்தான். ஆனால் நாளை மதியம் மூன்றரை மணிக்கு வெயிலில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் பதினாறு பேர் மூட்டை முடிச்சோடு நிற்பார்கள். இவள் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போவாள். அந்தக் காட்சியைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஞாயிறு காலை விடுதியின் சாப்பாட்டு அறையில் கோச் ஹால்வர்சன் தனியாக உட்கார்ந்து கட்டம் போட்ட வாஃபிள் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தார். டார்லீன் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. வாஃபிளைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிக்கொண்டே இருந்தார். வெட்ட ஒன்றும் மிச்சமில்லாதபோது நிமிர்ந்தார்.

"பசங்களுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"நல்லது. சொல்லாதீங்க. ஆட்டம் முடியட்டும். நான் பக்குவமாச் சொல்றேன்."

"ராண்டியும் இதேதான் சொன்னான், கோச்."

"அவனும் நானும் ஒண்ணா?"

"நான் அப்படிச் சொல்லல. ரெண்டு பேரும் என்னை ஒரே வேலையத்தான் செய்யச் சொல்றீங்க."

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். அறுபத்திரண்டு வயது மனிதர். அவருக்கு இதுதான் கடைசி அணி என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். "சொன்னா எவனும் ஆட மாட்டான்," என்றார்.

"ஆடலன்னா ஆட வேண்டாம். அது அவங்க இஷ்டம் இல்லையா?"

பதினோரு மணிக்கு எல்லோரும் பேருந்தில் ஏறினார்கள். டார்லீன் இயந்திரத்தை இயக்கவில்லை. ஒலிவாங்கியை எடுத்தாள். ஆறு வருஷமாக அதில் அவள் பேசியது கழிப்பறைக் கதவைப் பற்றி மட்டும்தான்.

"கவனிங்க. அணிய மூடியாச்சு. ராண்டி வெள்ளிக்கிழமையே லீக்குக்கு எழுதிக் கொடுத்துட்டான். இன்னிக்கு ஆட்டத்துக்கு அப்புறம் ஸ்டாம்பீட் கிடையாது. எனக்கு நேத்து காலையில இருந்து தெரியும். நேத்தே சொல்லியிருக்கணும். சொல்லல. உங்களுக்கு வேன் வரும்னு சொன்னான், வராது. எது எப்படிப் போனாலும் நான் உங்கள வீட்டுல கொண்டு போய் விடுவேன். அவ்வளவுதான்."

பின்னாலிருந்து செமிசியின் குரல் வந்தது.

"அப்ப இன்னிக்கு கோச் என்னத் திட்டினா நானும் திருப்பித் திட்டலாமா?"

சிரித்தார்கள். கோச்சும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஒருவன் ராண்டியின் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். இன்னொருவன் அப்போதே அண்ணனுக்கு ஃபோன் போட்டு, கான்கிரீட் வேலையில் இடம் இருக்கிறதா என்று கேட்டான். கர்ட் எழுந்து நின்றான். வகுப்பில் நிற்பது போலவே நின்றான்.

"ஒரு விஷயம். அணி வெள்ளிக்கிழமையே விலகியாச்சுன்னா நம்ம காப்பீடும் அன்னிக்கே போச்சு. இன்னிக்கு எவனுக்காவது கால் உடைஞ்சா அவன் பாடுதான். இதத் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க."

"அப்ப நீ ஆடலையா, வாத்தியாரே?" என்றான் செமிசி.

"நான் ஆடறேன். எனக்குப் பள்ளிக்கூடத்துக் காப்பீடு இருக்கு."

"அடப்பாவி!"

"எல்லாரும் கணக்குப் படிச்சிருக்கணும்டா."

ஆட விருப்பமுள்ளவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கோச் கேட்டார். ஒவ்வொன்றாக எழுந்தன. பதினொரு கை. தூக்காதவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் லமான்ட் ஒருவன்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் முன்னிருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லமான்ட்," என்றார் கோச், மெதுவாக.

"இல்ல, கோச். நாளைக்குக் காலையில எனக்கு டயர் கழட்ட இந்தத் தோள் வேணும். அடுத்த மாசம் என் பொண்ணு வர்றா."

"நீ இல்லாம நாங்க எப்படிடா ஆடறது?" செமிசி எழுந்து நடைபாதையில் வந்து நின்றான். பேருந்து லேசாக ஆடியது. "அஞ்சு வருஷமா உன் மேல ஒரு கை படாம பார்த்துக்கிட்டேன். ஒரு விரல் பட விட்டிருப்பேனா?"

"விடல."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் ஒண்ணுமில்ல, செமிசி. நான் ஆடல."

செமிசி திரும்பிப் போய் உட்கார்ந்தான். டார்லீன் வண்டியை எடுத்தாள்.

அன்று அவள் முதல் முறையாக ஓர் ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து பார்த்தாள். பேருந்தில் இருக்கப் பிடிக்கவில்லை. லமான்டும் மற்ற நால்வரும் சாதாரண உடையில் அவளோடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார்கள். நானூறு பேர் இருந்தால் அதிகம். ஸ்டாம்பீட் விலகிய சேதி லீக் ஆபீஸிலிருந்து மார்லோ சிட்டிக்கு இன்னும் வந்திருக்கவில்லை. லமான்ட் பாப்கார்ன் வாங்கி வந்து அவள் பக்கம் நீட்டினான்.

"வீட்டுக்குக் கையெழுத்துப் போடுவியா?" என்று கேட்டாள்.

"போடுவேன்னுதான் நினைக்கறேன். டயர் கடை எங்கயும் போகலையே. நீங்க நேத்து சொல்லியிருந்தா ராத்திரியெல்லாம் முழிச்சு யோசிச்சிருப்பேன். இப்ப யோசிக்க நேரமில்ல. அதுவும் நல்லதுதான்."

அவன் தன்னை மன்னித்துவிட்டானா, வெறும் மரியாதைக்குச் சொல்கிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

பந்தை எறியும் வேலையைக் கர்ட் எடுத்துக்கொண்டான். உதைக்கப் பழகிய கால்காரன் கையால் எறிந்ததில் பாதி சுவரில் போய் அடித்தது. முதல் பாதி முடிவில் மார்லோ சிட்டி முப்பத்தொன்று, இவர்கள் ஏழு. லமான்ட் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் கர்ட் ஒவ்வொரு தடவை பந்தை வாங்கும்போதும் அவன் வலது கைவிரல்கள் முழங்காலின் மேல் மடங்கி விரிந்தன. நாலைந்து தடவை, தனக்குள் பேசுவது போல, "இடது பக்கம், இடது பக்கம்," என்றான். கர்ட் வலது பக்கம் எறிந்தான்.

கடைசிக் கால்பகுதியில் கர்ட் எறிந்த ஒரு பந்து எதிரணிக்காரன் கையில் பட்டு மேலே எழும்பியது. எதிரி கை பட்ட பந்தை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்பது விதி. அது இறங்கியது செமிசியின் நெஞ்சில். ஆறு வருஷத்தில் முதல் முறையாக அவன் கையில் பந்து இருந்தது. ஒரு நொடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஓடுறா!" என்று கத்தியது லமான்ட் இல்லை. டார்லீன்தான். கத்திய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

செமிசி ஓடினான். ஒன்பது கஜம். இரண்டு பேர் அவன் இடுப்பில் தொங்கிக்கொண்டு கூடவே வந்தார்கள். கோல் கோட்டைத் தாண்டியும் அவனால் நிற்க முடியவில்லை. சுவரில் மோதி, அப்படியே கவிழ்ந்து முதல் வரிசைக்குள் விழுந்தான். இரண்டு நாற்காலிகள் நொறுங்கின. உட்கார்ந்திருந்தவர்கள் எப்படியோ விலகிவிட்டார்கள். எழுந்தபோது அவன் கையில் பந்து இல்லை. ஊதா நிறத் தொப்பி போட்ட ஒரு பெண்மணி அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்திருந்தாள்.

"அம்மா, அதக் குடுத்துடுங்க. அது என்னோடது," என்றான் செமிசி, மூச்சு வாங்கிக்கொண்டே.

"கூட்டத்துல விழுந்தா எங்களுக்குத்தான். விதி தெரியாதா உனக்கு?"

"தெரியும்மா. ஆனா நான் இதுவரைக்கும் பந்தையே தொட்டதில்ல."

"நானும்தான் தொட்டதில்ல," என்றாள் அவள்.

கூட்டம் அவள் பக்கம்தான் கை தட்டியது. செமிசி சுவரேறி மைதானத்துக்குத் திரும்பினான். ஐம்பத்திரண்டுக்கு இருபத்தேழு என்று தோற்றார்கள். யாருக்கும் எலும்பு முறியவில்லை. முடிந்ததும் மார்லோ சிட்டி ஆட்டக்காரர்கள் வரிசையில் நின்று கை குலுக்கினார்கள். தங்கள் அணியும் ஆகஸ்ட் வரை தாங்காது என்று அவர்களில் ஒருவன் கர்ட்டிடம் சொன்னான்.

பேருந்தில் ஏறும் சத்தத்தை டார்லீன் கேட்டாள். ஒருவன் இரண்டு படியாக ஏறினான், அடுத்தவன் ஒவ்வொரு படியிலும் நின்றான். அன்று அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

ஒமாஹா வடகிழக்கே. அவள் வண்டியை வடமேற்கே திருப்பினாள். ஒரு மணி நேரத்தில் கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது. இரண்டாம் முறை வந்தபோது அதை அணைத்து இருக்கைப் பக்கத்துப் பெட்டிக்குள் போட்டாள். லமான்ட் அவன் இருக்கையில்தான் இருந்தான். செமிசி கடைசி வரிசையில். வழி நடுவில் டீசல் போட நிறுத்தியபோது, லமான்ட் இரண்டு காப்பி வாங்கி ஒன்றைப் பின்னால் செமிசியிடம் கொண்டு போனான். திரும்பி வரும்போதும் இரண்டும் அவன் கையில்தான் இருந்தன. ஒன்றை டார்லீனிடம் கொடுத்தான்.

வில்லோ பெண்ட் வந்து சேர்ந்தபோது எட்டரை மணி. வெளிச்சம் இன்னும் இருந்தது. அரங்கத்தின் கதவு பூட்டியிருந்தது. தலைக்கவசமும் தோள்கவசமும் ராண்டியின் சொத்து. என்ன செய்வது என்று கேட்டார்கள். அவன் கடைக்கு ஓட்டச் சொன்னார் கோச். ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் வெந்நீர்த் தொட்டிகள் வரிசையாக இருந்தன. பதினாறு பேரும் இறங்கி, கதவுக்கு முன்னால் தலைக்கவசங்களை இரண்டு வரிசையாக, முகம் உள்பக்கம் பார்க்க வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் அங்கிருந்தே நடந்து வீடு போனார்கள்.

மறுநாள் சாயங்காலம் டார்லீன் பேருந்தை ஒமாஹாவில் ஒப்படைத்தாள். கம்பெனி அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அவள் வாதாடவில்லை. பள்ளிப் பேருந்து இருந்தது.

ராண்டி இரண்டு மாதம் அவள் கண்ணில் படவில்லை. பிறகு ஒரு நாள் மளிகைக் கடையில் எதிரே வந்து, "வேன் விஷயம் மறந்தே போச்சு, டார்லீன்," என்றான். "தெரியும்," என்றாள். லீக் அந்தக் கோடையோடு கலைந்தது. செயற்கைப் புல்லை ஒரு பால்பண்ணைக்காரர் வாங்கிக் கன்றுக்குட்டிக் கொட்டிலில் விரித்தார். லமான்ட் எட்டாவது தெரு வீட்டில் மூன்று வருஷம் குடும்பத்தோடு இருந்துவிட்டு, கான்சஸ் சிட்டியில் சொந்தமாக டயர் கடை வைக்கப் போனான். கிளம்பும் முன் செமிசி வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டான் என்றும், செமிசி கதவைத் திறந்து கை மட்டும் கொடுத்தான் என்றும் ரெனீட்டா சொன்னாள்.

2018-இல் ஒஹாயோவிலிருந்து ஒருவர் டார்லீனைத் தொலைபேசியில் கூப்பிட்டார். மறைந்து போன உள்ளரங்க அணிகளின் வரலாற்றைத் தொகுக்கிறாராம். கர்ட்தான் அவள் எண்ணைக் கொடுத்திருக்கிறான்.

"மேடம், ஸ்டாம்பீட் கடைசியா ஆடினது ஜூன் அஞ்சாம் தேதிங்களா?"

"பதிமூணாம் தேதி. மார்லோ சிட்டியில. அம்பத்திரண்டுக்கு இருபத்தேழு, தோத்தாங்க."

"அது ஆடாம விட்டுக்கொடுத்த ஆட்டம்னு லீக் பதிவுல இருக்கே. அதுக்கு முன்னாடியே அணி விலகியாச்சே."

"விலகினாங்க. அப்புறமும் ஆடினாங்க. நான் மூணாவது வரிசையில உட்கார்ந்திருந்தேன்."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. ஆடியவர்கள் பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். அவள் பதினொரு பெயரையும் சொன்னாள். ஃபொனுவாவுக்கு எழுத்துக் கூட்டிச் சொன்னாள்.

"டிஸ்டேல் பேரு வரலையே. காயமா?"

"இல்ல. அவன் ஆட வேண்டாம்னு முடிவு பண்ணினான்."

"ஏன் மேடம்?"

"அவன் காரணத்த அவன் அன்னிக்கே எல்லார் முன்னாடியும் சொன்னான்."

"இத நான் எப்படி எழுதறது? காயம்னா காயம்னு போடுவேன், நீக்கம்னா நீக்கம்னு போடுவேன்."

"ஆடலன்னு போடுங்க," என்றாள் டார்லீன். "அதுல என்ன கஷ்டம்?"

அவர் என்ன எழுதினார் என்று அவள் தேடிப் பார்க்கவில்லை. மணி இரண்டேகால் ஆகியிருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள்.